கேம்ப்புக்குப் போகும் பசங்க இருக்காங்க. அவங்க சேர காலேஜ் டீம் மிஞ்சுமா?

2024 ஜூலை 29, பாரிஸ். ஒலிம்பிக் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிப் பிரிவு இறுதிப் போட்டி. அமெரிக்க அணியில் ஸ்டீபன் நெடோராசிக் என்ற ஒருவர் மட்டும் போட்டி முழுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: பொம்மெல் ஹார்ஸ். அதுவும் கடைசிச் சுற்றில், கடைசி ஆளாக. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார், முடித்தார், அமெரிக்காவுக்கு வெண்கலம் கிடைத்தது. 2008 பெய்ஜிங்குக்குப் பிறகு, 16 வருடம் கழித்து வந்த அணிப் பதக்கம் அது. மறுநாள் இணையம் முழுக்க அவர் மீம்ஸ்தான்.

மீம்ஸில் சிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்த அணியில் இருந்த ஐந்து பேருமே அமெரிக்கக் கல்லூரி அணிகளில் வளர்ந்தவர்கள். நெடோராசிக் பென் ஸ்டேட்டில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். பிராடி மலோனும் ஆஷர் ஹாங்கும் ஸ்டான்ஃபோர்ட். ஃப்ரெட்ரிக் ரிச்சர்டும் பால் ஜூடாவும் மிச்சிகன். அதாவது, வெறும் இரண்டு மூன்று பல்கலைக்கழக ஜிம்களிலிருந்து ஒரு ஒலிம்பிக் அணியே வந்திருக்கிறது.

அந்த ஜிம்களில்தான் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் சின்னப் பசங்களுக்கான கேம்ப் நடக்கிறது. பார்த்தால் சாதாரண சம்மர் கேம்ப் மாதிரிதான் தெரியும். ஆனால் சுருங்கிக்கொண்டே போகும் ஒரு விளையாட்டு, தன் அடுத்த தலைமுறையைத் தேடும் இடம் அது.

கேம்ப்பில் என்னதான் நடக்கும்?

பெரும்பாலும் ஜூன், ஜூலையில் நான்கைந்து நாள். ஏழெட்டு வயதுப் பையனிலிருந்து பள்ளி இறுதி வகுப்பு வரை வரலாம். தூரத்திலிருந்து வருபவர்கள் கல்லூரி விடுதியிலேயே தங்குவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் காலையில் வந்து மாலையில் போவார்கள். கட்டணம் சில நூறு டாலர்கள். சொல்லிக்கொடுப்பது அந்தக் கல்லூரி அணியின் பயிற்சியாளர்களும், அதே அணியில் ஆடும் மாணவர்களும். நேற்று வரை டிவியில் பார்த்த ஆள் இன்று பக்கத்தில் நின்று "முட்டியை நேரா வை" என்று சொல்வது ஒரு 10 வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆண்களுக்கு ஆறு உபகரணங்கள்: ஃப்ளோர், பொம்மெல் ஹார்ஸ், ஸ்டில் ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார். பெண்களுக்கு நான்குதான். பசங்க சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து ஒவ்வொன்றாகச் சுற்றி வருவார்கள். இதில் பலருக்கு அலர்ஜி பொம்மெல் ஹார்ஸ். கைகளை மட்டும் ஊன்றி, இரண்டு காலையும் சேர்த்து, உடம்பை வட்டமாகச் சுழற்ற வேண்டும். அதை நேரடியாகக் குதிரையில் ஏற்றிச் சொல்லித்தர முடியாது. காளான் வடிவத்தில் குட்டையாக ஒரு உபகரணம் இருக்கும்; பெயரே மஷ்ரூம்தான். அதில் ஒரு முழு வட்டம், இரண்டு வட்டம், பத்து வட்டம் என்று வருடக்கணக்கில் சுற்றிய பிறகுதான் குதிரை. ஹை பாரில் கையை விட்டுப் பறந்து மறுபடி பிடிக்கும் வித்தைகளைப் பழக, கீழே ஸ்பாஞ்ச் துண்டுகள் நிரப்பிய பெரிய குழி வேண்டும். ஊரில் இருக்கும் சின்ன கிளப்களில் இதெல்லாம் முழுசாக இருக்காது. அதனால் கேம்ப்பின் உண்மையான கவர்ச்சி பிரபலங்கள் மட்டும் இல்லை, அந்த ஜிம்மும்தான்.

ஒரு வாரத்தில் ஒரு பையன் எவ்வளவு கற்றுக்கொள்வான்? நேர்மையாகச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படிப்பட்ட விளையாட்டு கிடையாது. அவன் கற்றுக்கொண்டு போவது வேறு. தன்னைவிட எட்டு, பத்து வயது பெரியவர்கள் இன்னும் இதைச் செய்கிறார்கள், படித்துக்கொண்டே செய்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறான்.

20 வயதுக்கு மேல்தான் ஆட்டமே

இது ஏன் முக்கியம்? ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில், குறிப்பாக ரிங்ஸில், தேவைப்படும் தோள் பலம் 14 வயதில் வராது. உடம்பு முழுமையாக வளர்ந்த பிறகே வரும். ஆண் ஜிம்னாஸ்ட்கள் பலர் தங்கள் உச்சத்தைத் தொடுவது இருபதுகளில். சரியாக அந்த நேரத்தில்தான் பள்ளி முடிகிறது, கிளப் கட்டணம் கட்டிய அப்பா அம்மா கல்லூரிச் செலவை யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். 18 வயதிலிருந்து 23 வயது வரை இவர்களுக்கு இடம், பயிற்சியாளர், மருத்துவம், சாப்பாடு எல்லாம் யார் தருவது?

சீனாவில் அரசாங்கம் தருகிறது. ஜப்பானில் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டோக்கியோ ஒலிம்பிக் சாம்பியன் டைகி ஹஷிமோட்டோ அப்போது ஜுன்டெண்டோ பல்கலைக்கழக மாணவராக இருந்தார். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் கீழ் வரும் அணிகள். 2008 வெண்கல அணியில் இருந்த இந்திய வம்சாவளி வீரர் ராஜ் பவ்சார், ஒஹாயோ ஸ்டேட்டில் ஆடியவர். மாற்று வீரராக மட்டுமே அறிவிக்கப்பட்டு, பால் ஹாம் காயத்தால் விலகியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வங்கதேசத்துக்காக ஆடிய சைக் சீசரும் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்காரர்தான்.

அப்படிப்பட்ட அணிகள் இப்போது எத்தனை இருக்கின்றன தெரியுமா? 1980களின் தொடக்கத்தில் சுமார் 80. இன்று எல்லா டிவிஷனும் சேர்த்து 15 அளவில். முதல் நிலையான டிவிஷன் ஒன்னில் ஒரு டஜன்தான். அந்த டஜனிலும் மூன்று அணிகள் ராணுவ, கடற்படை, விமானப்படை அகாடமிகளுடையவை. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் படித்து முடித்ததும் சில வருடம் படையில் வேலை செய்தாக வேண்டும். பெண்கள் பக்கம் பார்த்தால் 80க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன, அரங்கு நிறைகிறது, டிவி நேரலை வருகிறது.

யார் மூடினார்கள்?

லாஸ் ஏஞ்சலிஸில் 1984ல் அமெரிக்க ஆண்கள் அணி ஒலிம்பிக் தங்கம் வென்றது. அந்த அணியில் பீட்டர் விட்மார், மிட்ச் கேலார்ட், டிம் டாகெட் மூவரும் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக்காரர்கள். போட்டி நடந்ததும் யுசிஎல்ஏவின் சொந்த அரங்கமான பாலி பெவிலியனில். பத்தே வருடத்தில், 1994ல், அதே பல்கலைக்கழகம் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியை மூடியது.

பிறகு டெம்பிள் மூடியது. 2020ல் கொரோனா வந்தபோது ஐயோவா, மினசோட்டா இரண்டும் அடுத்தடுத்து அறிவித்தன. மினசோட்டாவில் வளர்ந்த ஷேன் விஸ்கஸ் அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடினார். அவர் திரும்பிப் பார்த்தபோது அவரது கல்லூரி அணி இல்லை. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியும் அதே வருடம் மூடுவதாக அறிவித்தது, ஆனால் எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் பின்வாங்கியது. அதற்குப் பத்து வருடம் முன்பே பெர்க்லி இதே முடிவை எடுத்து, முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டியதால் அணி பிழைத்தது. ஆக, சண்டை போட்ட இடத்தில் சில அணிகள் தப்பியிருக்கின்றன.

பழி வழக்கமாக ஒரு சட்டத்தின் மேல் விழும். 1972ல் வந்த டைட்டில் நைன், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. "பெண்களுக்குக் கொடுக்க எங்களைத் தூக்கிட்டாங்க" என்பது பல ஆண் ஜிம்னாஸ்ட்களின் ஆதங்கம். பாதிதான் உண்மை. ஆண்கள் அணியை மூடு என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. கணக்கில் இடிப்பது அமெரிக்கன் ஃபுட்பால். அந்த ஒரு அணியில் மட்டும் நூறு பேர் அளவுக்கு இருப்பார்கள், எல்லோரும் ஆண்கள். அதைத் தொட எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மனசு வராது. அப்புறம் தராசைச் சமன் செய்ய, 20 பேர் இருக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், டென்னிஸ் மாதிரி ஆண்கள் அணிகள்தான் கைக்கு எட்டுகின்றன.

புது நெருக்கடி

2025 ஜூன் 6 அன்று 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதன்படி, முன்பு ஆடியவர்களுக்கு சுமார் 280 கோடி டாலர் நிலுவை தர வேண்டும். அதோடு, முதல்முறையாகப் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025-26ல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

வீரர்களின் உழைப்புக்குக் கூலி என்பது நியாயமான விஷயம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி போவது, வருமானம் கொண்டுவரும் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும். பட்ஜெட்டில் திடீரென்று இவ்வளவு பெரிய செலவு வந்தால், வருமானமே இல்லாத அணியின் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதுவரை ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு அணிக்கு 6.3 ஸ்காலர்ஷிப் மட்டுமே அனுமதி. அதைத்தான் மொத்த அணிக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பெண்கள் அணிக்கு 12 முழு ஸ்காலர்ஷிப். இந்தச் சமரசத்தை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்களில் அந்த வரம்பு போய்விட்டது. அதற்குப் பதில் அணியில் 20 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் 20 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். தரப் பணம் எங்கே? இன்னொரு பக்கம், ஸ்காலர்ஷிப் இல்லாமலே சேர்ந்து, இரண்டு வருடம் ஓரத்தில் உழைத்து, மூன்றாம் வருடம் அணிக்குள் வரும் பையன்களுக்கு இடம் குறைகிறது. தாமதமாக மலரும் விளையாட்டு இது என்பதால், அந்த அடி இங்கே கொஞ்சம் பலமாகவே விழும்.

கேம்ப்புக்குப் போனா சீட் கிடைக்குமா?

கிடைக்காது. குறைந்தபட்சம், அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. என்சிஏஏ விதிப்படி கல்லூரி கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எண்ணிக்கை, வயது, வகுப்பு, பாலினம் ஆகியவற்றை வைத்து மட்டுமே வரம்பு போடலாம். திறமைசாலிப் பையனை மட்டும் இலவசமாக அழைத்துவர முடியாது. பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன்பு, அணியில் சேர்ப்பது பற்றிப் பயிற்சியாளர் பேசவே கூடாது.

ஆனால் பார்க்கக் கூடாது என்று விதி இல்லையே! நான்கு நாள் ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போட்டி வீடியோவில் தெரியாததெல்லாம் தெரியும்: விழுந்தால் எப்படி எழுகிறான், சொன்னதைக் கேட்கிறானா, அலுப்பான அடிப்படைப் பயிற்சியில் ஏமாற்றுகிறானா. பையனுக்கும் அதே வாய்ப்பு உண்டு. கேம்ப் கட்டணம் பல இடங்களில் பயிற்சியாளர்களுக்கும் உதவி செய்யும் மாணவர்களுக்கும் கூடுதல் வருமானமாகப் போகிறது. சின்ன பட்ஜெட் அணிகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி

பையனை நான்கு ராத்திரி வெளியே அனுப்பும்போது, விளையாட்டைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் என்றாலே லேரி நாசர் நினைவுக்கு வருவார், பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள் என்றே மனதில் பதிந்திருக்கும். பசங்களுக்கு அந்த ஆபத்து இல்லை என்று நினைத்தால் தப்பு. ஒஹாயோ ஸ்டேட்டில் மருத்துவராக இருந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் குறைந்தது 177 ஆண் மாணவர்களிடம் அத்துமீறியதாக, பல்கலைக்கழகமே நியமித்த விசாரணை 2019ல் சொன்னது. மிச்சிகனில் ராபர்ட் ஆண்டர்சன் என்ற மருத்துவர் மீதான புகார்களுக்காக, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 49 கோடி டாலர் தர அந்தப் பல்கலைக்கழகம் 2022ல் ஒப்புக்கொண்டது. அதிலும் பெரும்பாலானோர் ஆண்கள். இரண்டு பேரும் பல வருடம் யாரும் தட்டிக்கேட்காமல் வேலை செய்தவர்கள்.

2018ல் வந்த சேஃப் ஸ்போர்ட் சட்டம், சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது. பெரியவர் ஒருவர் சிறுவனோடு தனியாக இருப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம்: பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் எல்லா கேம்ப்பையும் பல்கலைக்கழகமே நடத்துவதில்லை. சிலவற்றைப் பயிற்சியாளரின் சொந்த நிறுவனம், ஜிம்மை வாடகைக்கு எடுத்து நடத்துகிறது. விளம்பரத்தில் இருக்கும் லோகோவை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நடத்துவது யார், விடுதியில் இரவு யார் இருப்பார்கள், அவர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா, காப்பீடு யார் பெயரில் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடலாம். முறையாக நடத்துபவர்கள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

2028ல் ஒலிம்பிக் மறுபடி லாஸ் ஏஞ்சலிஸுக்கு வருகிறது. யுசிஎல்ஏ விடுதிகள்தான் அப்போது வீரர்கள் தங்கும் ஒலிம்பிக் கிராமம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்று ஓர் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மட்டும் 34 வருடமாக இருக்காது.