சுமந்து செல்வோரின் கடமை

அப்போது அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமாயிருந்த காம்காஸ்ட், பிட்டொரன்ட் என்னும் முறையில் மக்கள் தமக்குள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்வதை 2007-ஆம் ஆண்டில் இரகசியமாகத் தடுத்துவந்த செய்தி பழையதாயினும், அதில் அடங்கிய நியாயப் பிரச்னை இன்றளவும் தீர்ந்தபாடில்லை. பழங்காலத்து நால்வர் கூட்டிசைப் பாடல்களைத் தம்மையொத்த ரசிகர்களோடு பகிர்ந்துகொள்ள முயன்ற ஆரிகன் மாநிலத்துப் பொறியாளர் ஒருவர், கோப்புகள் தம் கணினியைவிட்டு வெளியேறாத காரணத்தைப் பொறுமையோடு ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தார், எவருடைய பதிப்புரிமைக்கும் பங்கம் நேராதபடி கிங் ஜேம்ஸ் விவிலியத்தையே அனுப்பிப் பார்த்து, அதுவும் தடைப்படக் கண்டு, அவ்வாண்டு அக்டோபரில் உலகறியச் செய்தனர்.

தடுத்த விதமே மனத்தை மிகவும் வருத்துகிறது. இரு கணினிகள் தமக்குள் தொடர்பு கொண்டிருக்கையில், அத்தொடர்பை உடனே முறித்துக்கொள்ளச் சொல்லும் 'ரீசெட்' பொதியை, ஒன்று மற்றொன்றுக்கு விடுத்ததுபோலப் பொய்யாகப் புனைந்து, இடையிலிருந்த நிறுவனமே அனுப்பிவைத்தது. கடிதத்தைத் தாமதமாகக் கொண்டுவரும் தபால்காரரை மன்னித்துவிடலாம். பெறுபவரின் கையெழுத்தைப் போலியாக இட்டு, இனி எழுத வேண்டாமென்று பதில் விடுப்பவரை எங்ஙனம் மன்னிப்பது?

பல வீடுகள் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பில், மேலேற்றும் வழி குறுகியதாதலின், சிலருடைய மிகுதியான உபயோகம் பலருக்கு இடையூறாகும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நெரிசலற்ற வேளைகளிலும் தடை நிகழ்ந்ததென மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் கண்டறிந்தபின் அவ்வாதம் வலுவிழந்தது. எந்தச் செயலி என்று பாராமல், நெரிசல் நேரத்தில் அதிகம் உபயோகிப்போரின் வேகத்தை மட்டும் சிறிது பொழுது குறைக்கும் முறைக்கு அந்நிறுவனமே 2008 இறுதியில் மாறியதிலிருந்து, நேர்மையான மார்க்கம் அசாத்தியமானதன்று என்பது தெளிவு.

2008 ஆகஸ்டில் ஆணையத்தின் ஐவருள் மூவர் நிறுவனத்தைக் கண்டித்துத் தீர்மானித்தனர். 2010 ஏப்ரலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. நிறுவனத்தின் செய்கை நியாயமென்று நீதிமன்றம் கூறவில்லை. ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்றே கூறிற்று. பின்னர் இத்தகைய தடைகளை விலக்கி ஆணையம் 2015-இல் வகுத்த விதிகளை 2017-இல் அதுவே நீக்கத் தீர்மானித்தது. 2024-இல் மீண்டும் வகுத்தவற்றை 2025 ஜனவரியில் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆட்சி மாறுந்தோறும் மாறுகின்ற விதிகளை நம்பிப் பிரஜைகளின் தகவல் சுதந்திரத்தை விட்டுவைப்பது தகாது; அதைச் சட்டமாக்கி நிலைநிறுத்தும் பொறுப்பு அமெரிக்கக் காங்கிரசினுடையது. அப்பொறுப்பை அது இனியும் தட்டிக்கழித்தல் கூடாது.