கூரை போடும்வரை உடன் நிற்க ஆள் வேண்டும்

தமிழ்நாட்டுக் கிராமங்கள் வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் அந்த வீடுகளைப் பார்த்திருப்பார்கள். நான்கு சுவரும் எழும்பியிருக்கும். சன்னலுக்கு மேலே லிண்டல் ஓட்டியிருக்கும். அதோடு வேலை நின்றிருக்கும். சுவர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்திருக்கும். உள்ளே ஆடு கட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே தார்ப்பாய் போர்த்திய பழைய குடிசையில் அந்தக் குடும்பம் குடியிருக்கும். அரசாங்க ஆணை கிடைத்தது, அடித்தளம் முடிந்ததும் பணம் வந்தது, லிண்டல் முடிந்ததும் வந்தது. கூரைக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடக் கையில் பணமும் இல்லை, ஆளும் இல்லை. கூரை போட்டால்தான் அடுத்த தவணைக்கு பில் எழுதுவார்கள். தவணை வந்தால்தான் கூரை போட முடியும்.

2024இல் தமிழ்நாடு அரசு கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தபோது, 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று இலக்கு வைத்தது. முதல் ஆண்டுக்கு 1 லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஒன்றிய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு வைத்த அடிப்படைத் தொகையான 1.20 லட்சத்தைவிட இது நல்ல தொகைதான். ஆனால் இரண்டு திட்டங்களிலும் வீட்டைக் கட்ட வேண்டியவர் பயனாளியே. கொத்தனாரைப் பிடிப்பது, ஜல்லியும் எம்.சாண்டும் இறக்குவது, யூனியன் ஆபீசுக்கு நடந்து சிமெண்டும் கம்பியும் வாங்குவது, அளவெடுக்க ஓவர்சியரை வரவழைப்பது எல்லாமே அவர் பொறுப்பு. அவரோ அன்றாடம் கூலிக்குப் போகிறவர். ஒரு நாள் யூனியன் ஆபீசில் காத்திருந்தால் அன்றைய கூலி போயிற்று.

பணம் போதவில்லை என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆள் போதவில்லை என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. வாணம் தோண்டுவதில் தொடங்கிக் குடிபுகும்வரை அந்தக் குடும்பத்தோடு நிற்க, கூலி கேட்காத, கொஞ்சம் விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேர் இருந்தால், பாதியில் நிற்கும் வீடுகள் பல முடிந்துவிடும். இன்றைக்கு ஏழைகளுக்கு வீடு கட்டும் தன்னார்வப் பணி என்றால் பெரும்பாலும் ஒருநாள் நிகழ்ச்சி. ஐம்பது பேர் ஒரே மாதிரி பனியன் போட்டு வருகிறார்கள், வரிசையில் நின்று செங்கல் கைமாற்றுகிறார்கள், மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களின் நல்ல மனதில் குறையே இல்லை. குறை, அந்த மனதை ஒரே நாளில் செலவழித்துவிடும் ஏற்பாட்டில்.

இந்த வகைப் பணியை உலகறியச் செய்தது ஹேபிடாட் ஃபார் ஹியுமானிட்டி என்ற அமைப்பு. அதன் வேர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது. 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற இறையியலாளர் அங்கே கொய்னோனியா என்ற கூட்டுப் பண்ணையைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பண்ணை அது. அந்தக் காலத்துத் தென் மாநிலத்தில் அது போதாதா? ஊர் அவர்களைத் தள்ளிவைத்தது. பண்ணையின் கடை மேல் வெடி வைத்தார்கள், வீடுகளை நோக்கிச் சுட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தைத் தேடித்தான் மில்லார்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் வந்து சேர்ந்தார்கள். முப்பது வயதுக்குள் கோடீஸ்வரராகிவிட்டவர் ஃபுல்லர். சொத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்.

1968இல் அந்தப் பண்ணையில் அவர்கள் வகுத்த முறை எளிமையானது. வீட்டை இலவசமாகக் கொடுக்கவில்லை. லாபமும் வட்டியும் இல்லாமல், அடக்க விலையை மாதாமாதம் குடும்பம் திருப்பிக் கட்டும். அந்தப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். வீடு பெறுகிறவர்களும் தங்கள் உழைப்பைச் சில நூறு மணி நேரம் போட வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது: இன்று ஒருவர் எழுந்து நிற்க ஊரே போடுகிறது, நாளை அவர் அடுத்தவருக்குப் போடுகிறார். ஃபுல்லர் தம்பதி இதே முறையை அப்போது ஜயர் என்றழைக்கப்பட்ட காங்கோவின் ம்பண்டாகா நகரில் மூன்று ஆண்டுகள் செய்துபார்த்துவிட்டுத் திரும்பி, 1976இல் ஹேபிடாட்டைத் தொடங்கினார்கள்.

அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஜிம்மி கார்ட்டர். பதவி முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1984இல், ஒரு முன்னாள் அமெரிக்க அதிபர் மற்றவர்களோடு பேருந்தில் ஏறி நியூயார்க் போய், 19 குடும்பங்களுக்காகப் பாழடைந்த ஆறு மாடிக் கட்டடமொன்றைச் செப்பனிட்டார். அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு வாரம். 2006இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகே 100 வீடுகள் கட்டும் பணிக்கு வந்தார். 2019 அக்டோபரில், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் தையல் போட்ட மறுநாளும் நாஷ்வில்லில் வேலை நடக்கும் இடத்தில் இருந்தார். இந்த வாரங்களில் 14 நாடுகளில் 4,400க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் இருக்கிறார்கள். கலந்துகொண்ட தன்னார்வலர்கள் 1 லட்சத்துக்கும் மேல்.

கணக்குப் போட்டால் வீட்டுக்கு 20க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வருகிறார்கள். கையுழைப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இது சிக்கனமான வழியே அல்ல. அவர்கள் வந்துபோகும் செலவில் தேர்ந்த கொத்தனார்கள் இன்னும் பல வீடுகளைக் கட்டிவிடுவார்கள். கார்ட்டரின் சுத்தியல் கொண்டுவந்தது கூலிமிச்சம் அல்ல. நன்கொடை வந்தது, கவனம் வந்தது, வீடில்லாதவர்கள் பிரச்சினை அவர்கள் பிரச்சினை மட்டுமல்ல என்ற எண்ணம் வசதியானவர்களிடம் பரவியது. இவை பெரிய காரியங்கள். ஆனால் அமைப்பைத் தாங்கிய தூண்கள் வட்டியில்லாச் சுழல்நிதியும் குடும்பத்தின் உழைப்பும்தான். நம் ஊரில் இதைப் பின்பற்றுகிறவர்கள் பனியனையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, தூண்களை விட்டுவிடுகிறார்கள்.

தூண்களை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு உருகுவே சாட்சி. 1968இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசுக் கடன் வழங்க வழிசெய்தது. 1970இல் அந்தச் சங்கங்கள் ஃபுக்வாம் என்ற கூட்டமைப்பாக ஒன்றுசேர்ந்தன. ஒவ்வொரு குடும்பமும் வாரம் 21 மணி நேரம் கட்டுமானத்தில் உழைக்க வேண்டும். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளலாம். எது யாருடைய வீடு என்பதைக் கட்டும்போதே முடிவு செய்யாமல், கட்டி முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கி எடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. தன் வீட்டுச் சுவருக்கு மட்டும் ஒரு கை கூடுதலாகச் சிமெண்ட் போடும் ஆசைக்கு அங்கே இடமில்லை. எல்லாச் சுவரும் தன் சுவராக இருக்கலாம் என்ற நினைப்பிலேயே வேலை நடக்கிறது.

நமக்கும் சொந்த முன்னோடி உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தச் செய்தி கேட்டுத் தஞ்சைத் தரணிக்கு வந்து தங்கிய காந்தியவாதிகள் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி. 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஏக்கர் கணக்கில் எழுதிக் கொடுத்தது, அதுவும் பெண்களின் பெயரில். 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்ற காலத்தில் கிருஷ்ணம்மாளின் மனம் முழுக்கக் குடிசைகளின் மேல்தான் இருந்தது. மழைக்காலத்தில் சேறாகிவிடும் குடிசைகளை மாற்றிச் செங்கல் வீடுகள் கட்டும் பணியில் இறங்கினார். அங்கே செங்கல் அறுத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல. குடியிருக்கப் போகிற குடும்பங்களே. நிலம், பிறகு வீடு என்ற வரிசையும் கவனிக்கத்தக்கது. பட்டா இல்லாத இடத்தில் எந்தத் திட்டத்து வீடும் எழும்பாது. தன்னார்வலர் கை பட வேண்டிய முதல் செங்கல், தாலுகா அலுவலகத்தில் கிடக்கும் பட்டா மனுதான்.

உடன் நிற்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஈழத்தமிழர் பகுதிகள் காட்டின. போருக்குப் பின் இந்திய உதவியில் 50,000 வீடுகள் என்று அறிவித்த திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்கு 5.50 லட்சம் இலங்கை ரூபாய் தவணையாக வந்தது, குடும்பங்களே கட்டின. நல்ல திட்டம். தங்களுக்கு வேண்டியபடி கட்டிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. ஆனால் கணவனைப் பறிகொடுத்த பெண்கள், மேசனோடு பேரம் பேசவும் பொருளுக்குக் காவல் இருக்கவும் பிழைப்புக்கு ஓடவும் ஒரே ஆளாக நின்றார்கள். நகை அடகுக்குப் போனது, கடன் ஏறியது.

தன்னார்வலர் செய்ய வேண்டியதைக் கான்கிரீட் போடும் நாளில் பார்க்கலாம். விடியும்போதே கலவை மெஷின் வந்துவிடும். அன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும், பாதியில் நிறுத்தினால் ஒட்டுப் போட்ட இடத்தில் பின்னால் ஒழுகும். அந்த அவசரத்தில் கலவை இறுக்கமாக இருக்கிறது என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பரப்புவது சுலபமாகும், வலு போய்விடும். கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, நடமாட்டத்தில் கம்பி மிதிபட்டுக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்க்க ஆள் வேண்டும். இல்லையென்றால் சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரியும். வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்று: உப்புத்தண்ணீரில் கலவை போட்டால் கம்பி உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். நல்ல தண்ணீர் கொண்டுவந்து சேர்ப்பதே அங்கே பாதி வேலை. கூரை போட்ட மறுநாள் அதன் மேல் பாத்தி கட்டி, பத்து நாளாவது தண்ணீர் வற்றாமல் பார்க்க வேண்டும். குடும்பம் நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விட்ட பகலில் அந்தத் தண்ணீரை யார் ஊற்றுவது? செங்கல் தூக்க ஐம்பது பேர் வருகிற ஊரில் இதற்கு ஒருவர் வருவதில்லை.

கொத்தனார் கூலியில் கை வைப்பதல்ல இது. நூல் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் எழுப்புவது பல வருடப் பழக்கத்தில் கைவருகிற தொழில். ஆர்வத்தில் கரணை பிடித்தவர் கட்டிய சுவரைப் பிரித்துக் கட்ட வைத்தால் குடும்பத்துக்கு இரட்டைச் செலவு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முழுக்கூலி கொடுத்தே ஆக வேண்டும். அவர்களில் பலருக்கும் சொந்தக் கூரை ஒழுகுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வாணம் தோண்டுவது, அடித்தளத்துக்கு மண் அடித்து மேடாக்குவது, மணல் சலிப்பது, தண்ணீர் ஊற்றுவது போல, குடும்பம் தானே செய்தால் பிழைப்புக் கெடும் வேலைகளில்தான் வெளியாள் கை சேர வேண்டும்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்த மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும்; ஏழு நாள் கிராம முகாமும் உண்டு. அந்த முகாமில் சாலையோரம் செடி நடுவதும் கோயில் வளாகம் கூட்டுவதும் நடக்கட்டும். கூடவே, ஒரு கிராமத்தில் பாதியில் நிற்கும் வீடுகளின் பட்டியலை ஊராட்சியிடமிருந்து வாங்கி, ஒரு வீட்டை நான்கு மாணவர்களின் பொறுப்பில் விடலாம். நால்வரில் ஒருவர் சிவில் படிப்பவராக இருந்தால் கலவையையும் கம்பியையும் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் பில்லுக்கும் அளவுக்கும் யூனியன் ஆபீஸ் போய்வரட்டும். முகாம் முடிந்தாலும் அந்த நால்வரின் மணி நேரக் கணக்கு அதே வீட்டில் தொடர வேண்டும்; மதிப்பெண்ணும் சான்றிதழும் வீடு முடிந்த பிறகே தர வேண்டும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் இடமிருக்கிறது. கூரைக்கான தவணை வரும்வரை வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுக்க, ஊராட்சி அளவில் மகளிர் குழுக் கூட்டமைப்பிடம் ஒரு சுழல்நிதியை ஒப்படைக்கலாம். தவணை வந்ததும் பணம் நிதிக்குத் திரும்பி, அடுத்த கூரைக்குப் போகும். ஐம்பது பேரை ஏற்றிவரும் பேருந்துக்கும் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு அந்த நிதிக்கு நல்ல முதல் போடும்.

கால அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டெல்டாவில் தை அறுவடை முடிந்த பிறகுதான் வாணம் தோண்ட வயலோரம் ஈரம் வடியும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது முதலில் பறந்தவை கீற்றுக் கூரைகள்தான். கல்லூரிகள் மாசியில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் சுவர் எழுப்பி, ஆவணிக்குள் கான்கிரீட் போட்டுவிட்டால், புரட்டாசியில் பூச்சு வேலைக்கு நேரம் மிஞ்சும். வரும் ஆண்டுக்கு நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்ட நிர்வாகங்கள் ஒன்றியத்துக்கு ஒரு கல்லூரி என்று இப்போதே பேசத் தொடங்கலாம்.