குழவிக்குக் கொடுத்துப் பார்த்தீர்களா?

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, வியாழக்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்னே டில்லியிலே ஒரு கோயிலில் பிள்ளையார் பால் குடித்தார் என்று கிளம்பிய செய்தி, தபாலையும் தந்தியையும் நம்பியிருந்த காலமாயிருந்தால் கும்பகோணம் வந்து சேர்வதற்குள் ஆறிப் போயிருக்கும். தெருவுக்குத் தெரு டெலிபோன் பூத் முளைத்திருந்த காலமாகையால், அன்று பிற்பகலுக்குள் எங்கள் தெருமுனைப் பிள்ளையாருக்கும் பசியெடுத்துவிட்டது. அதே தினத்தில் லண்டனைச் சேர்ந்த சவுத்தால் கோயிலிலும் மக்கள் பால் செம்போடு வரிசையில் நின்றார்கள் என்று மறுநாள் பத்திரிகைகளில் படித்தபோது, கடல் கடந்த பிள்ளையார்களும் நம் பிள்ளையாரும் ஒரே வேளையில் உண்ணத் தொடங்கிய அந்த ஒற்றுமையை எண்ணி நான் வியந்தது உண்டு.

மாலை நாலரை மணிக்கு என் அத்தையோடு நானும் அந்த வரிசையிலே நின்றேன். அத்தை கையில் சிறியதொரு வெள்ளிக் கிண்ணம். அதில் காய்ச்சாத பசும்பால். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அந்தச் சின்னஞ்சிறு கோயிலில், குருக்கள் வியர்வை வழிய நின்றுகொண்டு, ஒவ்வொருவர் கிண்ணத்திலிருந்தும் உத்தரணியால் பாலை முகந்து, துதிக்கையின் நுனியிலே சேர்த்து, மிக மெல்லச் சாய்த்துப் பிடித்தார். பேச்சு நின்றது, எல்லார் கண்ணும் உத்தரணியின் மேலேயே இருந்தது. விளிம்புவரை நின்ற பால் மெல்லத் தாழ்ந்தது, பாதியாயிற்று, பின்பு உத்தரணியின் அடி பளபளவென்று தெரிந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் அதைக் கண்ணால் கண்டேன் என்பதை இங்கே ஒளிவு மறைவில்லாமல் எழுதிவைக்கிறேன். ஏனெனில், அற்புதத்தைச் சந்தேகிக்கப் புறப்படுகிறவன் முதலாவதாகச் செய்யவேண்டியது, கண்டவர்களைப் பொய்யர் என்று சொல்லாதிருத்தலே ஆகும். உத்தரணி வெறுமையானது மெய். அதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

பிரதட்சணம் வருகையில், பின்புறத்துக் கோமுகையின் அருகே துடைப்பமும் ஈரச் சாக்குமாக உட்கார்ந்திருந்த அம்மாள், "வழுக்குது சாமி, பாத்துக் காலை வையுங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். கோமுகையிலிருந்து வெள்ளைக் கோடாக வழிந்த பால் தரையெங்கும் பரவி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நாலு தடவை அலம்பியாயிற்று என்று அவள் அலுத்துக்கொண்டாள். பிள்ளையார் குடிக்கிறாரா இல்லையா என்ற விசாரணையிலே அவளுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. யாராவது வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்ற கவலைதான் இருந்தது. ஆயினும், அன்றைக்கு அந்தக் கோயிலில் கூடியிருந்த இருநூறு பேரிலும், உத்தரணியை விட்டுத் தரையைப் பார்த்த ஒரே ஜீவன் அவள்தான்.

நடந்தது இவ்வளவே. திரவங்களுக்கு மேற்பரப்பிலே ஓர் இழுவிசை உண்டு. உத்தரணியின் விளிம்பிலே சற்றே புடைத்து நிற்கும் பால் கல்லைத் தொட்டவுடன் அக்கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்திலிருந்து மெல்லிய ஏடாகப் படர்ந்து, தன் பாரத்தினாலேயே கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்குகிற ஏடு பின்னிருக்கும் பாலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. பளிங்கு விக்கிரகமாயிருந்தால் வெண்மையிலே வெண்மை மறைந்துவிடும். எங்கள் கருங்கல் பிள்ளையாருக்கோ சந்தனக் காப்பும் வேஷ்டியும் அந்த உபகாரத்தைச் செய்தன. மத்திய அரசின் விஞ்ஞானிகள் டில்லிக் கோயில் ஒன்றுக்குச் சென்று, பாலிலே வர்ணத்தைக் கலந்து கொடுத்தபோது, விக்கிரகத்தின் மேல் வர்ணக் கோடு இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

அந்தச் செய்தி வெளிவருமுன்னே, வாலிபத்தின் அவசரத்தினாலே, நான் வீட்டில் ஒரு பரீட்சை செய்தேன். அம்மிக் குழவியை எடுத்து நிறுத்தி, ஈரத் துணியால் துடைத்து, அதன் வளைவிலே ஒரு ஸ்பூன் பாலைச் சேர்த்துப் பிடித்தேன். குழவியும் குடித்தது. நாலு ஸ்பூன் குடித்தது. வெற்றிக் களிப்போடு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குழவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மியின் மேல் தேங்கியிருந்த பாலையும் பார்த்தாள். "ஏண்டா, அம்மிக் கல்லிலே மாத்திரம் அவர் இல்லையா? எங்கேயும் இருக்கிறவர் இதிலேயும் இருந்துட்டுப் போறார். பாலை வீணாக்காதே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அன்று அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது; பல வருஷங்கள் கழித்துத்தான் அதன் ஆழம் புலப்பட்டது. எங்கும் நிறைந்தவர் என்று நம்புகிறவளுக்கு, ஓர் உத்தரணிப் பால் குறைந்ததனால் அந்த நம்பிக்கையில் கூடியது என்ன? குறையாதிருந்தால் கழிந்திருக்கக்கூடியதுதான் என்ன? கடவுள் உண்டா என்பது ஒரு வினா. இந்தக் கல் இன்றைக்கு இந்தப் பாலைக் குடித்ததா என்பது முற்றிலும் வேறான வினா. முன்னதற்கு விடை தேடி ஞானிகள் ஆயுளைச் செலவிட்டிருக்கிறார்கள். பின்னதற்கு ஒரு துளி வர்ணமும் ஒரு குழவியும் போதும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டி, பின்னதைக் கேட்டவனை முன்னதன் பகைவன் என்று தூற்றுவதிலேதான் எல்லா மோசடிகளும் பிழைத்துவருகின்றன.

இந்த அளவுகோல் எல்லாக் கோயில்களுக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும். அயலார் வீட்டு அற்புதத்தைப் பார்த்து நகைப்பது யாருக்கும் சுலபம். 2012-ஆம் ஆண்டில் மும்பையிலே வேளாங்கண்ணி மாதா பெயரால் அமைந்த தேவாலயம் ஒன்றில், சிலுவையிலிருந்த இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. பக்தர்கள் அதைத் தீர்த்தமாகப் பாத்திரங்களில் ஏந்திக்கொண்டார்கள். சனல் இடமருகு என்ற பகுத்தறிவாளர் போய்ப் பார்த்தபோது, அடைபட்ட சாக்கடை நீரே சுவரின் நுண்துளைகள் வழியே மேலேறி அங்கே கசிகிறது என்று கண்டார். கும்பகோணத்துக் கோமுகையைப் போலவே, மும்பைக்கும் விடை தரையிலேதான் கிடந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்த சன்மானம், மத உணர்வைப் புண்படுத்தினார் என்று தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவின் கீழ்ப் புகார்கள். அவர் பின்லாந்துக்குப் போய்த் தங்கும்படி ஆயிற்று. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-இல் 42-ஆவது திருத்தத்தினால் அரசியல் சட்டத்திலே எழுதிவைத்த தேசம் இது. அந்தக் கடமையைச் செய்யப் போனவன் சாக்கடை நீரைச் சாக்கடை நீர் என்று சொன்னதற்காகக் கைதாவதற்கு அஞ்சவேண்டியிருந்தது என்பதை நினைக்க வெட்கமாயிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் பக்தி அழிந்துபோகும் என்று அஞ்சுகிறவர்களுக்குச் சபரிமலையைச் சுட்டிக்காட்டுவேன். தை மாதப் பிறப்பன்று அந்தி வேளையில் பொன்னம்பலமேட்டில் தோன்றும் ஒளியைத் தானே தோன்றும் தெய்வ ஜோதி என்று கருதி, மாலையணிந்து விரதமிருந்து சென்றவர்கள் தமிழ்நாட்டிலே தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். வானத்திலே தோன்றும் நட்சத்திரம்தான் மகர ஜோதி, மேட்டிலே தெரியும் மகர விளக்கு மனிதர் ஏற்றுவது என்று 2008-ஆம் ஆண்டிலேயே சபரிமலைத் தந்திரி கண்டரரு மகேஸ்வரரு வெளிப்படையாகச் சொன்னார். அது பலருடைய காதிலும் ஏறவில்லை. 2011 ஜனவரி 14-ஆம் தேதி இரவு, ஒளியைக் கண்டு திரும்பிய கூட்டம் புல்லுமேட்டிலே நெரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நெரிசலுக்கு நம்பிக்கையே காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. இருட்டும், குறுகிய வழியும், ஏற்பாட்டுக் குறையும் சேர்ந்து செய்த கொடுமை அது. ஆனால், அத்தனை உயிர் போன பிறகே உயர்நீதிமன்றம் வாயைத் திறந்து, இது மனிதர் ஏற்றும் விளக்கா என்று கேட்க நேர்ந்தது. ஆம், மனிதர் ஏற்றுவதே என்று தேவஸ்வம் போர்டும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதனால் மலை வெறிச்சோடிப் போயிற்றா? இன்றைக்கும் அந்த அந்தியிலே லட்சக்கணக்கானவர் சரண கோஷமிடுகிறார்கள். நம் வீட்டுக் கார்த்திகை விளக்கை நாமே ஏற்றி நாமே கும்பிடவில்லையா? மனிதன் ஏற்றியதனாலே விளக்கின் புனிதம் குறைவதில்லை. மனிதன் ஏற்றியதை மறைப்பதனாலேதான் குறைகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சந்தேகிக்கிறவர்களாகிய நம் பக்கத்தையும் சற்றே திருப்பிப் பார்த்துக்கொள்வது தர்மம். மணிமேகலைக் காப்பியத்திலே, வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொண்டே வருகிற மணிமேகலை, கடைசியிலே பூதவாதியைச் சந்திக்கிறாள். கண்ணுக்குப் புலனாவதைத் தவிர வேறொன்றையும் ஒப்பாதவன் அவன். அவனைப் பார்த்து அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அனுமானத்தினாலே அல்லாமல் உன் தாய் தந்தையரை நீ எவ்விதம் அறிந்தாய் என்பது அது. பிரத்யட்சம் ஒன்றே பிரமாணம் என்று பிடிவாதம் பிடிக்கிறவனும், பிறந்த வீட்டிலே பிறர் சொல்லை நம்பித்தான் வளர்ந்திருக்கிறான். மேற்பரப்பின் இழுவிசையை நானே அளந்து பார்த்தேனா? புத்தகத்திலே படித்தேன், வாத்தியார் சொன்னார், நம்பினேன். எதையுமே நம்பாதிருப்பது எவராலும் ஆகாத காரியம். ஆகவே ஒரு சொல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய ஆதாரத்தை அதற்குக் கேட்பதே விவேகம். இன்னார் மகன் நான் என்பதற்குத் தாயின் சொல் போதும்; கல் பால் குடித்தது என்பதற்கு இருநூறு பேர் கண்ட உத்தரணியும் போதாது, தரையையும் பார்க்கவேண்டும்.

அத்தை கடைசிவரை அந்தத் தெருமுனைப் பிள்ளையாரை ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அம்மியின் மேல் அவள் பார்த்த பால் வீண்போகவில்லை என்பதை நான் அறிந்துகொண்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்குப் பின் ஒரு கோடையிலே, எங்கள் சம்பந்தி வந்து திண்ணையில் அமர்ந்து, வெறுங்கையிலிருந்து விபூதி வரவழைக்கும் ஒரு சாமியாரின் மகிமையை அரைமணி நேரம் வர்ணித்தார். மடியிலே மல்லிகையைப் போட்டுத் தொடுத்துக்கொண்டிருந்த அத்தை, நிமிர்ந்து பார்க்காமலே, "எல்லாம் சரி, குழவிக்குக் கொடுத்துப் பாத்தீங்களா, சம்பந்தி?" என்று கேட்டாள்.

"குழவிக்கு என்ன, பேரன் நெற்றியிலே அவர் கையாலேயே இட்டார்!" என்றார் அவர், பரவசத்தோடு.

அத்தை நாரைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். நான் தண்ணீர் குடிக்கிற பாவனையிலே உள்ளே எழுந்து போனேன்.