கேமரா யார் பக்கம்?

1895-ல் பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் எடுத்த முதல் படங்களில் ஒன்று, தொழிலாளர்கள் ஆலைவாசலை விட்டு வெளியே வரும் காட்சி. ஆலையும் அவர்களுடையது, கேமராவும் அவர்களுடையது! ஆலைக்குள்ளே தொழிலாளி பட்ட பாடு அந்தப் படத்தில் இல்லை.

முக்கால் நூற்றாண்டுக்குப் பின் வேறொரு கேமரா வந்தது. 1973-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஹார்லன் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், தங்கள் சங்கத்தைக் கம்பெனி ஏற்கவேண்டுமென்று வேலைநிறுத்தம் செய்தார்கள். பார்பரா கோப்பிள் என்ற பெண்மணி தமது படக்குழுவோடு மறியலுக்குள்ளேயே போய் நின்றார். மறியலுக்குக் கோர்ட் கட்டுப்பாடு விதித்ததும், தொழிலாளரின் மனைவிமார் கம்புகளுடன் ரோட்டை மறித்தார்கள். கம்பெனியின் அடியாட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். படக்குழுவுக்கும் அடி விழுந்தது. பிலிம் இல்லாதபோதும் அவர்கள் காலிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேமராவைக் கண்டால் அடியாளின் கை சற்றே தயங்குமல்லவா?

13 மாதப் போராட்டம். இளம் தொழிலாளி ஒருவர் சுடப்பட்டு மாண்ட பிறகே கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1976-ல் வெளிவந்த இந்த ஆவணப்படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது, அது கிடக்கட்டும்.

'ஹார்லன் கவுண்டி, யு.எஸ்.ஏ.' என்னும் இப்படத்தை நமது சங்கக் கட்டிடங்களிலும் விவசாயத் தொழிலாளர் தெருக்களிலும் திரையிட வேண்டும். பேச்சைத் தமிழில் எடுத்துச்சொல்ல ஒரு தோழர் பக்கத்தில் நின்றால் போதும்.