மாளிகைக்கு மெருகு, மலைக்கு மரணம்!

வீட்டை எப்படி அலங்கரிப்பது, விருந்தாளியை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது, தேநீரை எந்தக் கோப்பையில் ஊற்றுவது என்று சீமான்களுக்குச் சொல்லித் தர வழவழப்பான பத்திரிகைகள் எத்தனையோ வருகின்றன. ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இந்த விஷயத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை இருக்கிறது, தோழர்களே! அந்த நாற்காலி ஆகாயத்திலிருந்து விழவில்லை. அதன் மரம் ஏதோ ஒரு காட்டில் வெட்டப்பட்டது. வெட்டியவனும் நம்மைப் போன்ற ஒரு கூலிதான்.

அழகை நாம் வெறுக்கவில்லை. பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கோலமிட்டு மகிழ்கிறவர்கள் நாம். நல்ல நாற்காலியைச் செய்த தச்சனின் கைத்திறனுக்கும் தலைவணங்குகிறோம். நாம் கேட்பது ஒன்றுதான். அந்த அழகுக்கு விலை கொடுப்பது யார்?

அரண்மனை மரம்

செம்மரத்தை எடுத்துக்கொள்வோம். உலகத்திலேயே இந்த மரம் இயற்கையாக வளருவது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். பெரும்பகுதி ஆந்திராவில், சேஷாசலம் காடுகளிலும் கடப்பை, நெல்லூர் மலைகளிலும் இருக்கிறது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம் அதற்கு. வயிரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும்.

சீன தேசத்தில் மிங், சிங் வம்சத்து மன்னர்கள் காலத்திலேயே அரண்மனை மேஜை நாற்காலிகளுக்கு இந்த ஜாதிக் கருஞ்சிவப்பு மரத்தை மிக உயர்வாக மதித்தார்கள். வரவேற்புக் கூடத்தின் நடுவில் ஒரு மேஜை, அதன் இருபுறமும் ஒன்றுபோல் இரண்டு நாற்காலிகள், ஒன்றில் வீட்டுக்காரர், மற்றதில் விருந்தாளி என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. ஆணி அடிக்காமல் துளையில் செருகிப் பொருத்திய நேர்த்தியான மரவேலை. மன்னர்கள் ஒழிந்தார்கள், மன்னர்களின் நாற்காலி மீதுள்ள ஆசை ஒழியவில்லை. பழைய பாணி நாற்காலியில் விருந்தாளியை உட்கார வைப்பதே அந்தஸ்து என்று எண்ணும் புதுப் பணக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெய்ஜிங்கில் செம்மர வேலைப்பாடுகளுக்கென்றே 1999இல் ஒரு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் கழுத்துக்கும் இந்த மரத்தைத் தேடுகிறார்கள்.

1995 முதல் செம்மர வியாபாரம் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காட்டு மரத்தை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவது நம் நாட்டில் குற்றம். ஆனால், பிடிபட்ட கட்டைகளை 2014இல் ஆந்திர சர்க்கார் ஏலம் விட்டபோது, முதல் தரக் கட்டை டன்னுக்கு ஒரு கோடி ரூபாய்க்கும் மேலே போயிற்று. சர்க்கார் ஏலத்திலேயே இந்த விலை என்றால், கள்ளச் சந்தையில் என்ன ஆசை காட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சாமை விளையும் மலை

இப்போது ஜவ்வாது மலைக்கு வருவோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. இங்கே வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். பெயரில்தான் ஆட்சி. 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் மூலம் காடுகளை வெள்ளைக்காரன் தன் வசமாக்கிக்கொண்டான். அன்று முதல் பாட்டன் நடந்த பாதையில் பேரன் விறகு பொறுக்கவும் அதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

மண் சுவர், புல் கூரை, சாணம் மெழுகிய தரை. இதுதான் அந்த மக்கள் பரம்பரையாகக் கட்டிய வீடு. வந்தவருக்குப் பாய் விரிப்பார்கள். சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ இருப்பதைப் பகிர்ந்து வைப்பார்கள். பலாப்பழக் காலமானால் அதுவும் உண்டு. இந்த உபசாரத்தைச் சொல்லித் தர எந்தப் பத்திரிகையும் தேவைப்படவில்லை.

ஆனால் சாமை வானம் பார்த்த பயிர். விளைந்தாலும் மூட்டை மலையை விட்டு இறங்கும்போது விலை சொல்கிறவன் வியாபாரி. அறுப்பு முடிந்தால் வேலை இல்லை. ஆகவே திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கும், கட்டிட வேலைக்கும் போகிறார்கள். ஆலைத் தோழர்களே, உங்கள் பக்கத்து மெஷினில் நிற்கும் பையன் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தவனாக இருக்கலாம்; விசாரித்துப் பாருங்கள். இந்தப் பஞ்ச காலத்தில்தான் தரகனும் முன்பணத்தோடு மலையேறுகிறான்.

20 பிணங்கள்

2015 ஏப்ரல் 7ஆம் தேதி விடியும் வேளையில், திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரப் போலீசின் குண்டுக்கு இரையானார்கள். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் சுற்றுப்புறத்தையும், தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலைப் பக்கத்தையும் சேர்ந்தவர்கள். அரிவாளும் கல்லும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். தப்பி வந்தவர்களோ, தங்கள் கூட்டாளிகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துப் போனார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள்.

மரம் வெட்டியது குற்றம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். குற்றம் என்றால் கைது செய்யட்டும், வழக்குப் போடட்டும். மரம் வெட்டியதற்கு மரண தண்டனை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? காடு அழியக் கூடாது என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. காடு போனால் முதலில் பட்டினி கிடப்பவன் மலைக்காரனே. ஆனால் செம்மரம் காட்டிலிருந்து தானே நடந்து துறைமுகத்துக்குப் போகவில்லை. வெட்டுகிறவனுக்கு மேலே தரகன். தரகனுக்கு மேலே லாரி முதலாளி. அவனுக்கு மேலே கப்பலேற்றும் கடத்தல்காரன். எல்லோருக்கும் மேலே, மெருகேறிய நாற்காலியில் சாய்ந்து விருந்தாளியோடு தேநீர் பருகும் கனவான். ஏணி இத்தனை உயரம். குண்டு பாய்ந்ததோ கடைசிப் படியில் நின்றவன் மார்பில்!

இது முதல் தடவையும் அல்ல. 1992 ஜூன் 20ஆம் தேதி, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக் கிராமத்தில் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். சந்தனமும் சீமான் வீட்டு அலங்காரப் பொருள்தான். ஆனால் அந்த மக்கள் சோர்ந்துவிடவில்லை. 19 ஆண்டுகள் போராடி, 2011இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒன்றுபட்டு நின்றால் நீதி கிடைக்கும் என்பதற்கு வாச்சாத்தியே சாட்சி.

என்ன செய்ய வேண்டும்?

மலையில் வேலை இருந்தால் எவனும் உயிரைப் பணயம் வைத்து அந்நியக் காட்டுக்குப் போகமாட்டான். ஆகவே சாமைக்கும் கேழ்வரகுக்கும் கட்டுப்படியாகும் விலை கொடுத்து சர்க்காரே கொள்முதல் செய்ய வேண்டும். ஊரக வேலைத் திட்டத்தில் மலைக்காரனுக்கு முழு நாட்கள் வேலையும் காலதாமதமில்லாத கூலியும் வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016இல் தடை நீங்கியது. நிலத்துக்குப் பட்டா மட்டும் போதாது. தேன், புளி, கடுக்காய் எடுக்கவும், காட்டைக் காக்கவும் கிராம சபைக்கு உள்ள சமூக உரிமை முழுவதும் கைக்கு வர வேண்டும். கடத்தல் வழக்குகளில் கூலியைப் பிடித்ததோடு நிறுத்தாமல், பணம் போட்டவனையும் சரக்கு வாங்கியவனையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

வாங்குகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், எந்தக் கொடியின் கீழ் வாழ்ந்தாலும், நமக்கு ஒரே அளவுகோல்தான். பட்டு நெய்தவன் இடுப்பில் கந்தலும், நெல் விளைவித்தவன் பானையில் கஞ்சியும் இருப்பது எந்த அநியாயமோ, அதே அநியாயம்தான் செம்மர நாற்காலியிலும் இருக்கிறது. ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் மலைக்காரனின் கோரிக்கையைத் தம் கோரிக்கையோடு சேர்த்து எழுப்ப வேண்டும். கேழ்வரகுக் களியைப் பகிர்ந்து கொடுக்கும் அந்த வீடுகளில் இனி ஒரு பிணமும் வந்து இறங்கக் கூடாது!