சிகரெட்டை விட்ட பிறகே ஆபரேஷன்!

"சிகரெட் பிடிப்பது உண்டா?" என்று டாக்டர் கேட்கிறார்.

"எப்போதாவது ஒன்று" என்கிறார் நோயாளி.

பக்கத்தில் நிற்கும் மனைவி தலையைக் குனிந்துகொள்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்பது அவளுக்குத் தெரியும்!

உடல் பருமனைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொள்ள வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த டாக்டரும் விடக்கூடாது. "முதலில் சிகரெட்டை விடுங்கள். பிறகு தேதி வைத்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொன்னால், சிலருக்குக் கோபம் வருகிறது. "பணம் கொடுப்பது நான். என் சிகரெட்டைப் பற்றி இவருக்கு என்ன?" என்று முணுமுணுக்கிறார்கள்.

கோபப்படுவதில் அர்த்தம் இல்லை. டாக்டர் சொல்வதுதான் நியாயம்.

தையல் ஆற வேண்டும்

இந்த ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

ஒரு முறையில், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பை ஒரு குழாய் போல இருக்கும்.

இன்னொரு முறை 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பகுதியைச் சிறிய பை போல ஆக்கி, அதைச் சிறுகுடலுடன் இணைப்பார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக டாக்டர் எட்வர்டு மேசன் 1966-ல் இதைத் தொடங்கி வைத்தார்.

எந்த முறையானாலும், வெட்டித் தைத்த இடம் ஒட்ட வேண்டும். அது ஒட்டுவதற்கு நல்ல ரத்தம் வேண்டும். ரத்தத்தில் பிராணவாயு வேண்டும்.

சிகரெட் இந்த இரண்டையும் கெடுக்கிறது. அதில் உள்ள நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு, ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும்!

இதனால் காயம் ஆறத் தாமதம் ஆகிறது. சீழ் பிடிக்கலாம். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரலாம். தைத்த இடம் விட்டுப்போனால், வயிற்றுக்குள் கசிவு ஏற்படும். அது உயிருக்கே ஆபத்து.

ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று மறுபடியும் பற்ற வைப்பவர்களும் உண்டு. 'பைபாஸ்' செய்துகொண்டவர் புகை பிடித்தால், இணைத்த இடத்தில் புண் வரும் அபாயம் அதிகம். புண் ஓட்டை விழுந்தால், மறுபடியும் ஆபரேஷன்தான்.

ஆறு வாரம்

2019-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சில கூடி, இது பற்றி ஒரு யோசனை வெளியிட்டன. ஒரு வருஷம் முன்பே விட்டுவிடுவது நல்லது; குறைந்தது ஆறு வாரமாவது விட்டிருக்க வேண்டும் என்பது அந்த யோசனை.

பொய் சொல்லித் தப்புவதும் கஷ்டம். சிறுநீரையோ ரத்தத்தையோ சோதித்தால், இரண்டு நாளைக்கு முன் பிடித்ததுகூடத் தெரிந்துவிடும். சோதனைக்குத் தப்பினாலும் என்ன லாபம்? டாக்டரை ஏமாற்றலாம், தையலை ஏமாற்ற முடியுமா?

பீடி, சுருட்டு பிடிப்பவர்களுக்கும் இதே கதிதான். வெற்றிலையுடன் புகையிலை போடுகிறவர்களும் அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. அதிலும் நிக்கோட்டின் இருக்கிறது.

சதை போடுமே?

"சிகரெட்டை விட்டால் இன்னும் சதை போடுமே!" என்று சிலர் பயப்படுகிறார்கள்.

உண்மைதான். சிகரெட்டை விட்டவர்களுக்குச் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுகிறது. ஆனால் ஆபரேஷனால் குறையப்போவது அதைப்போலப் பல மடங்கு. ஐந்து கிலோவுக்குப் பயந்து உயிரைப் பணயம் வைப்பதா?

உதவி வேண்டும்

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. "விட்டுவிட்டு வா" என்று அனுப்பிவிட்டால் போதாது. இருபது வருஷப் பழக்கம் ஒரே நாளில் போய்விடாது. அதற்கு மாத்திரை இருக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. சூயிங்கத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் டாக்டரே சொல்ல வேண்டும்.

சிகரெட் பெட்டியின் மேலேயே 1800-11-2356 என்ற டெலிபோன் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. பழக்கத்தை விட விரும்புகிறவர்கள் அதில் இலவசமாக யோசனை கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. டாக்டர் கேட்கும்போது மனைவி தலை குனிய வேண்டாம், உள்ளதைச் சொல்லட்டும். அவர் ஒரு நாள் தவறினாலும் குத்திக் காட்ட வேண்டாம். மறுநாள் விடுவதற்குத் துணை நிற்கட்டும். வீட்டுக்கு வரும் நண்பர்களும் அவர் முன்னால் பற்ற வைக்கக்கூடாது.

ஆபரேஷன் தேதி ஒன்றிரண்டு மாதம் தள்ளிப் போனால் நஷ்டம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர் சுகமாக வீடு திரும்ப வேண்டும். குடும்பத்துக்கு அதுதான் முக்கியம்.