தூண் மறைகிறதாம்!

"சற்று ஒதுங்கி நில்லுங்கள் அத்தை, தூண் மறைகிறது!"

சொன்னவர் வேறு எவருமல்லர்; நாமேதான். கையிலே கைபேசி. எதிரே, காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றிலே நம் பாட்டனார் தம் உழைப்பால் கட்டிய ஓட்டுவீடு. விலை பேசியாகிவிட்டது, வீட்டுக்கு விடைகொடுக்க உற்றார் அனைவரும் கூடியிருந்தனர். திண்ணையிலே ஒரு படம், முற்றத்திலே ஒரு படம், ஊஞ்சலிலே ஒரு படம்! கண்ணிலே நீர், கருவியிலே காட்சி! தேக்குத் தூணைத் தழுவித் தழுவிப் படம் எடுத்துக்கொண்டனர். அந்தத் தூண் முழுமையாய்த் தெரியவேண்டுமென்று, அதே வீட்டிலே பிறந்து தவழ்ந்த மூதாட்டியை ஒதுங்கச் சொன்னோம். அவரும் ஒதுங்கினார். ஒதுங்கியே பழகியவரல்லவா!

மாலையிலே, அதே ஊஞ்சற் பலகையின்மீது முத்திரைத்தாள் விரிந்தது. "நாளைக்குப் பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு, அக்கா" என்றார் சிற்றப்பா. எடுத்துப் படித்தோம். தலைப்பு: விடுதலைப் பத்திரம். தந்தையார் வீட்டில் தமக்குள்ள பாகம் முழுவதையும், உடன்பிறந்தாரிடம் கொண்ட அன்பினால், ஒரு காசும் பெறாமல் விட்டுவிடுவதாக வாசகம்.

விடுதலையாம் விடுதலை! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? அடைபட்டவர் வெளியேறுவதை விடுதலை என்போம். இங்கோ, உரியவரை வெளியேற்றுவதற்கு விடுதலை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்!

காலையிலே படம், மாலையிலே பத்திரம். படத்திலே ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர், பத்திரத்திலே வாயிலுக்கு வெளியே தள்ளப்படுகிறார். மரத் தூணுக்காக உருகிய நெஞ்சங்கள், மனிதப் பிறவிக்காக உருகவில்லை. கண்ணீர் பொய்யென்று நாம் கூறவில்லை. அந்தக் கண்ணீரே திரையாகித் தாளில் உள்ள எழுத்தை மறைத்துவிட்டது என்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? பாட்டனார் உயில் எழுதாமலே 1978-இல் மறைந்தவர். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் ஈட்டிய சொத்திலே மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு குடும்பம் வாழும் வீட்டுக்கு மட்டும் ஒரு தாழ்ப்பாள் போட்டது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பங்கு கேட்கலாகாது. மணமாகிக் கணவனோடு வாழ்பவளாயின் அங்கே குடியிருக்கும் உரிமையும் இல்லை! பங்கு உண்டு, பயன் இல்லை. வீடு உண்டு, வாயில் இல்லை! அந்தத் தாழ்ப்பாள் 2005-இல்தான் உடைக்கப்பட்டது.

மூதாதையர் வழிவந்த கூட்டுக்குடும்பச் சொத்தின் கதை இன்னும் நீண்டது. ஆணுக்கு நிகரான சொத்துரிமை பெண்ணுக்கு வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு முழங்கியது. தமிழ்நாட்டில் 1989-இல், அதுவும் அதற்குமுன் மணமாகாத மகளிர்க்கு மட்டும், சட்டம் கதவு திறந்தது. 2005-இல் இந்திய நாடு முழுமைக்கும் திறந்தது. அவ்வுரிமை பிறப்பால் வருவது, அந்த ஆண்டிலே தந்தை உயிரோடிருந்தாரா என்ற கேள்வியே வேண்டா என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனை ஆண்டுகள் போராடித் திறந்த கதவை, ஒரு மாலைப்பொழுதில் ஒரு தாளைக்கொண்டு சாத்துவதா?

"சீர்வரிசை செய்து அனுப்பினோமே!" என்பர். சீர் போனது சம்பந்தி வீட்டுக்கு. உரிமை மகளுக்கு உரியது. "கேட்டால் உறவு அறுந்துவிடும்" என்பர். கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்குமென்றால், அது உறவா, வாடகையா?

அன்றிரவு அத்தையிடம் கேட்டோம்: "இதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியுமா, அத்தை?"

"தெரிந்து என்ன ஆகப்போகிறது? போடாவிட்டால் பொங்கலுக்கு வரிசை வராது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

ஒரு பானை, இரண்டு கரும்பு, ஒரு சேலை! அதற்கு ஈடு, ஒரு வீட்டின் பங்கு!

படக்கருவியின்மீது நமக்குப் பகையில்லை. 1936-இல் அமெரிக்காவின் அலபாமாவிலே குத்தகை உழவர் குடிசைகளைப் படமெடுத்தார் வாக்கர் எவான்ஸ். தூணைத் தேடவில்லை அவர். தேய்ந்த காலணியையும், அடுக்களைச் சுவரிலே செருகியிருந்த கரண்டிகளையும் எடுத்தார். அங்கே வாழ்ந்தவர் யார், எப்படி வாழ்ந்தார் என்பதை அப்படங்கள் இன்றும் உரைக்கின்றன. நாம் எடுத்த படங்களைப் புரட்டினோம். அத்தை இளமை முழுதும் வெந்த அடுக்களை ஒன்றில்கூட இல்லை! நெற்குதிரை நிரப்பியவர்கள் நிறுத்தப்பட்ட கொல்லை வாசலும் இல்லை!

அத்தைக்குப் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினோம். விற்போருள் ஒருவராக அவரும் கையெழுத்திட்டுத் தம் பங்கைப் பெறலாம் என்றோம். மறுநாள் அவர் பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை. பத்திரம் அப்படியே கிடக்கிறது. சிற்றப்பா நம்மிடம் பேசுவதில்லை. அத்தை பங்கு கேட்பாரா, பொங்கல் வரிசைக்குப் பணிவாரா, முடிவு அவருடையது. ஆனால் இனி அறியாமல் ஒப்பமிடமாட்டார்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் பழைய வீடுகள் விலைபோகும். நீங்களும் படமெடுக்கப் போவீர்கள். எடுங்கள். அதற்குமுன் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அக்காளுக்கும் அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள். பிறகு அவர்களை நடுவிலே நிறுத்திப் படமெடுங்கள்.

தூண் மறைந்தால் மறையட்டும்!